முன் அனுமதியின்றிப் பாடம் நடத்தியமை

செங்கமேட்டுப்பட்டி தொடக்கப்பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கியபோது, அமுதவல்லி டீச்சர் பணி ஓய்வு பெறப் பதினோரு மாதம்தான் பாக்கி இருந்தது. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் அவர் பார்த்த கல்விப் புரட்சிகள் ஏழு. அட்டை வைத்துக் கற்பித்தால் நாடு உருப்படும் என்று ஒரு வருஷம் சொன்னார்கள். பாயில் வட்டமாக உட்கார வைத்தால்தான் உருப்படும் என்று இன்னொரு வருஷம் சொன்னார்கள். பொம்மலாட்டத்தில் வாய்ப்பாடு சொல்லித்தரச் சொன்ன வருஷம் ஒன்று உண்டு. அந்தப் பொம்மைகள் இன்னமும் பீரோவுக்கு மேலே கை கால் இல்லாமல் கிடக்கின்றன. ஒவ்வொரு புரட்சிக்கும் ஒரு பேனர், ஒரு பதிவேடு, ஒரு தினுசான கைதட்டல். எல்லாம் அடங்கிய பிறகு டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ‘அ’ எழுதுவார். பிள்ளைகள் படித்துக்கொள்ளும்.

எட்டாவது புரட்சியின் பெயர் ‘விரல்நுனி வெளிச்சம்’. இது முந்தைய ஏழு புரட்சிகளைப் போலப் பீரோவுக்கு மேலே ஏறுகிற சரக்கு இல்லை. ஆறடி நீளம், நாலடி உயரம். டிரில் மெஷினோடு வந்த இரண்டு பேர் அதை மூன்றாம் வகுப்பின் முன்சுவரில், கரும்பலகைக்கு நேர் மேலே வைத்து, எட்டு போல்ட் போட்டு முறுக்கினார்கள்.

“தம்பி, கரும்பலகை மறையுதேப்பா. இங்கிட்டு, இந்தப் பக்கச் சுவத்துல மாட்டுங்களேன்” என்றார் டீச்சர்.

“ஆர்டர்ல முன்சுவருக்கு நடுவுலன்னு போட்டிருக்கும்மா. எடம் மாறுனா பில்லு பாஸாகாது.”

கரும்பலகை அந்தச் சுவரில் சிமெண்டிலேயே பூசியது. அதைக் கழற்றி வேறிடத்தில் வைக்கவும் வழியில்லை. அன்று மாலைக்குள் அது உலகத்தைவிட்டு மறைந்தது.

மறுநாள் அறிவுரைத் தாள் வந்தது. அதில் மூன்று கட்டளைகள். முதலாவது, திறப்பு விழா நடந்து சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தும்வரை போர்டின் மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கக் கூடாது. இரண்டாவது, தூசி படிந்தால் கருவி கெட்டுவிடும் என்பதால் அந்த அறையில் சாக்பீஸ் பயன்படுத்தக் கூடாது. மூன்றாவது, தினமும் ஒரு மணி நேரம் போர்டைப் பயன்படுத்திப் பாடம் நடத்தி, அதைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். மூன்றையும் ஒரே அதிகாரிதான் ஒரே தாளில் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். வட்டார எண்ணியல் கற்றல் மேம்பாட்டு ஒருங்கிணைப்பு அலுவலர் திரு. நிலவழகன். அவருடைய பதவியின் பெயர் கையெழுத்துக்குக் கீழே இரண்டு வரி ஓடியது.

டீச்சர் தாளை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் திருப்பதியிடம் போனார். திருப்பதி சார் கெட்டவர் இல்லை. வருகிற காகிதத்துக்கெல்லாம் எழுந்து நிற்கக்கூடியவர், அவ்வளவுதான்.

“சார், இதுல மூணையும் எப்படி ஒண்ணாப் பின்பத்துறது?”

“அதெல்லாம் கேக்கப்படாது டீச்சர். பின்பத்துங்க.”

“பிளாஸ்டிக்கப் பிரிக்காம எப்படி சார் பாடம் நடத்துறது?”

“பாடம் நடத்துனீங்களான்னு யாரு கேட்டா? போட்டோதான கேட்டாங்க. தெனமும் வேற சேலையில நில்லுங்க. ஒரே படத்தைத் திரும்ப ஏத்துனா செயலி கண்டுபிடிச்சிருதாம்.”

ஆக, தினமும் காலை பத்தரை மணிக்கு அமுதவல்லி டீச்சர் பிளாஸ்டிக் சுற்றிய இருட்டுப் பலகை முன்னால் நின்று, அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்து, லேசாகச் சிரிப்பார். திருப்பதி சார் படம் எடுப்பார். படம் ஏறியதும் செயலி ஒரு கேள்வி கேட்கும்: இன்றைய மின்வகுப்பு எப்படி இருந்தது? பதில் இரண்டுதான் உண்டு. ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’. முதல் வாரம் டீச்சர் ‘சிறப்பு’ போட்டார். வட்டாரத்திலேயே கடைசி இடம் வந்துவிட்டது என்று எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து மிகச் சிறப்பாகவே நடந்தது.

ஜூலையில் இலுப்பூரில் ஐந்து நாள் பயிற்சி. வட்டாரத்து ஆசிரியர்கள் எழுபது பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். மேடையில் நிலவழகன். வயது நாற்பதுக்குள். பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷம்தான் பாடம் நடத்தினார். அதற்குள் மேலே எடுத்துக்கொண்டார்கள். பேசும்போது இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பார்.

“அன்பான ஆசிரியப் பெருமக்களே! கரும்பலகை என்பது இருட்டு. அதில் எழுதுகிற ஆசிரியர் இருட்டில் எழுதுகிறார். முப்பது வருஷம், நாற்பது வருஷம் இருட்டில் எழுதியிருக்கிறீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இப்போதுதானே வந்திருக்கிறோம்!”

எழுபது பேரும் கைதட்டினார்கள். வருகைப் பதிவே கைதட்டிய பிறகுதான் எடுப்பார்கள்.

பயிற்சிக்கு ஸ்மார்ட் போர்டு கிடையாது. இருந்ததெல்லாம் பள்ளிகளுக்குப் போய்விட்டது. அங்கேயோ பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அதனால் நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி, அதில் ஸ்மார்ட் போர்டைக் கலர் பென்சிலால் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அந்தப் படத்தில் விரலை வைக்க வேண்டும், வைத்ததும் மற்றவர்கள் “அடுத்த பக்கம்!” என்று கோஷமாகச் சொல்ல வேண்டும். பெரிதாக்குவதற்கு இரண்டு விரலை வைத்து விரிக்க வேண்டும்; மற்றவர்கள் “பெரிதாகிறது!” என்பார்கள். மூன்றாம் நாள் ஒரு வயதான வாத்தியார் வேகமாக விரித்ததில் பேப்பர் கிழிந்துவிட்டது. அரசுக் கருவியைச் சேதப்படுத்தியதாக அவரிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள்.

நாலாம் நாள் அமுதவல்லி டீச்சர் எழுந்து நின்றார். “சார், இதை ஆன் பண்றது எப்படிங்க?”

நிலவழகன் பாவம் பார்க்கிற மாதிரி சிரித்தார். “டீச்சர், நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க. ஆன் பண்றது நாலாவது கட்டம். நாம இப்ப மனத்தடையை நீக்குற கட்டத்துல இருக்கோம். ஒங்களுக்கு மனத்தடை இருக்கு.”

டீச்சருக்கு மனத்தடை இருப்பதாகச் செயலியில் பதிவானது. ஐந்தாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள், ஸ்மார்ட் போர்டில் தேர்ச்சி பெற்றவர் என்று. டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பஸ் ஆட்டத்தால் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் எலுமிச்சம்பழம் கொடுத்தாள். பஸ் ஆட்டத்தால் இல்லை.

இதற்கிடையில் மூன்றாம் வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். கரும்பலகை மறைந்த இரண்டு மாதத்தில் அவர்கள் எழுதியதும் வாசித்ததும் கொஞ்சம்தான். திறப்பு விழா ஜூலை என்றார்கள், பிறகு ஆடி கழியட்டும் என்றார்கள், பிறகு விருந்தினருக்குத் தேதி இல்லை என்றார்கள். டீச்சர் ஒவ்வொருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு நோட்டில் எழுதிக் காட்டிச் சமாளித்தார். அப்படிச் சமாளிக்க முடியாத ஒருத்தி இனியா.

எட்டு வயது. வாயைத் திறந்தால் ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவாள். புத்தகத்தைத் திறந்தால் ஊமை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொள்வாள். “தள்ளி வச்சு வாசி, நிமிந்து ஒக்காரு” என்று டீச்சர் அதட்டுவார். தள்ளி வைத்ததும் அவள் வாய் மூடிக்கொள்ளும். இரண்டு வருஷமாக இதுதான் நடந்தது. மந்தம் என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தார். அவள் அம்மா செவந்தி நூறுநாள் வேலைக்குப் போகிறவள். “மண்டையில ஏறலைன்னா விடுங்க டீச்சர். அஞ்சாவதோட நிப்பாட்டிப்புட்டு ஆடு மேய்க்க விட்டுரலாம்னு இவுக அப்பா சொல்றாரு” என்று ஒருநாள் பள்ளி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் முதல் வாரம், விரலை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டிக்கில் தெரிந்த தன் முகத்தை டீச்சர் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே பிடிக்கவில்லை. எச்சில் துப்பலாம்போல இருந்தது. அன்று மாலையே கோபிநாத்துக்குப் போன் போட்டார்.

கோபிநாத் அவரிடம் மூன்றாவது படித்தவன். மஸ்கட்டில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்து இலுப்பூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். டீச்சரைப் பார்த்தால் இன்னும் கையைக் கட்டிக்கொள்வான். சனிக்கிழமை வந்தான். பிளாஸ்டிக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பிளேடால் பூப்போலக் கீறி, தாளைக் கசங்காமல் உருவி எடுத்து, சேலை மடிப்பதுபோல மடித்து பீரோவில் வைத்தான்.

“சாயங்காலம் திரும்ப மாட்டிரலாம் டீச்சர். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

திருப்பதி சார் வாசல்வரை வந்தார், பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நான் எதையும் பாக்கலை. நான் அங்கிட்டு அஞ்சாம் வகுப்புல இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடிக்காத ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆன் பண்ணுவது ஒரு பொத்தான். வலது ஓரத்தில், அடியில். நாலாவது கட்டம் இரண்டு விநாடியில் முடிந்துவிட்டது.

மற்றதெல்லாம் அவ்வளவு சுலபமாக இல்லை. டீச்சர் பிளாஸ்டிக் பேனாவைச் சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி பிடித்தார், எழுதும் முன் ஊதினார், எழுதி முடித்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழுந்தது. டஸ்டரை எடுத்து அழிக்கப் பார்த்தார். பலகை அதையும் விரல் என்று நினைத்துக்கொண்டு ஒரு பாட்டுப் போட்டது. ஸ்கேலால் தட்டி “அமைதி” என்றார். இந்திய வரைபடம் திறந்தது.

கோபிநாத் சிரிக்காமல் விளக்கினான். “டீச்சர், இந்தச் சட்டத்தைச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுது. எதை வச்சு மறிச்சாலும் வெரலு வந்திருச்சுன்னு நெனச்சுக்கும். அதுக்கு வெரலும் தெரியாது, டஸ்டரும் தெரியாது. மறிச்சா போதும்.”

“அதாவது முட்டாளு.”

“ஆமா டீச்சர். நாம சொன்னாக் கேக்குற முட்டாளு.”

“பரவாயில்லையே” என்றார் டீச்சர். “நான் சொன்னாக் கேக்காததுகளோடயே முப்பத்து மூணு வருஷம் ஓட்டிட்டேன்.”

மூன்று சனிக்கிழமைகளில் அவர் தேறிவிட்டார். உண்மையாகவே தேறினார். எழுத்தை வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினார், எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் பிள்ளைகளை வந்து விரலால் இழுத்துச் சேர்க்க வைத்தார். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு புதிய வித்தை கைக்கு வந்த சந்தோஷத்தில் வீட்டில் கூட இட்லிக்குண்டான் மூடியில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்த்தார். தினமும் காலையில் தாளைக் கழற்றுவார். மாலையில் நாலு பிள்ளைகள் நாலு மூலையைப் பிடிக்க, போர்த்தி டேப் ஒட்டுவார். பத்தரை மணிப் படத்துக்கு மட்டும் அவசரமாக ஒருமுறை போர்த்துவார். ஏனென்றால் பலகை எரிகிற மாதிரி படம் வந்தால் விதிமீறல்.

இனியாவின் முறை வந்தபோது அவள் பலகையை முட்டுகிற மாதிரி கிட்டே போய் நின்றாள். அவள் மண்டையளவு பெரிதாக ‘ண’ எரிந்துகொண்டிருந்தது. அவள் விரலை வைக்கவில்லை. மேலும் கீழும் பார்த்தாள்.

“டீச்சர், இதுக்குள்ள சுழி இருக்கு! மூணு!”

“இருக்குதானே? ரெண்டாவதுலயே சொல்லிக் குடுத்தேனே.”

“நான் அது ஒரு கறுப்பு முட்டைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். எல்லா எழுத்தும் முட்டையாத்தான் இருக்கும், நீங்கதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கதவோரம் போய் நின்று, கையில் நாலு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இனியா கண்ணை இடுக்கி, “கையா காட்டுறீங்க?” என்றாள்.

இரண்டு வருஷம் தள்ளி வை, தள்ளி வை என்று அதட்டிய தன் குரல் டீச்சர் காதில் கேட்டது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆகஸ்டில் ஒருநாள் நாலேமுக்காலுக்கு உத்தரவு வந்தது: எல்லா மாணவர்களின் கண் பரிசோதனை விவரத்தையும் ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும். பரிசோதனைக்கான எழுத்து அட்டை வரவில்லையே என்று கேட்டதற்கு, “அட்டை பின்னாடி வரும், விவரத்தை முன்னாடி ஏத்துங்க” என்றார் நிலவழகன். செயலியில் ‘அனைவரையும் தேர்ந்தெடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. டீச்சர் அதை அழுத்தினார். பத்தொன்பது பேருக்கும் பார்வை இயல்பு. ஒரே தட்டு. அழுத்தியது அவருடைய விரல்தான். வேறு யாருடையதும் இல்லை.

மறுநாள் நிலவழகனுக்குப் போன் போட்டு ஒரு பெயரைத் திருத்த வேண்டும் என்றார்.

“அது முடியாது டீச்சர். தரவு உறைஞ்சிருச்சு. நம்ம வட்டாரம் நூறு சதவீதம் பார்வை நலம்னு கேடயம் வாங்கிருக்கு. இப்பப் போயி ஒரு புள்ளைக்குக் கண்ணு தெரியலைன்னா கேடயத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா?”

“புள்ளைக்குக் கண்ணு தெரியலைங்க.”

“செயலியில தெரியுதுல்ல?”

போனை வைத்துவிட்டு டீச்சர் செவந்தியையும் இனியாவையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இந்தப் பெண் எப்படி மாட்டில் மோதாமல் நடந்தாள் என்று கேட்டார். பொட்டப்பிள்ளைக்குக் கண்ணாடியா என்று செவந்தி முதலில் இழுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் இனியா அவளை நிமிர்ந்து பார்த்து, “ஆத்தா, ஒனக்கு மூக்குல மச்சம் இருக்கு!” என்றாள். பஸ் ஸ்டாண்டு போகிறவரை செவந்தி மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பரில் இனியா வாசிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கடைப் பலகை, பஸ் பலகை, சோப்பு உறை, சுவரொட்டி எல்லாவற்றையும் உரக்க வாசித்தாள். அவளை நிறுத்தச் சொல்லி ஊரே கெஞ்சியது.

டிசம்பரில் திறப்பு விழா வைத்தார்கள். வட்டாரத்துக்கே மாதிரிப் பள்ளி என்று செங்கமேட்டுப்பட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து ஒருநாள்கூடத் தவறாமல் ‘மிகச் சிறப்பு’ போட்ட பள்ளி அது ஒன்றுதானாம். பிள்ளைகள் ஒன்பது மணியிலிருந்து வெயிலில் நின்றார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு மணிக்கு வந்தார். கூடவே நிலவழகன், கேமராக்காரர், தட்டில் சந்தனம், குங்குமம், கற்பூரம், இரண்டு முழத்துக்குச் சாமந்தி மாலை.

விருந்தினர் பிளாஸ்டிக் தாளைக் கத்தரியால் வெட்டினார். மூன்று மாதமாகத் தினமும் மடித்து விரித்த தாள்; வெட்டும் முன்னாலேயே பாதி கிழிந்து தொங்கியது. நிலவழகன் மாலையைப் பலகையின் சட்டத்தில் சாற்றப் போனார்.

டீச்சர் கிட்டே போய் மெதுவாகச் சொன்னார். “சார், பூ வேண்டாங்க. சட்டத்தை மறிச்சா அது வெரலுன்னு நெனச்சுக்கும்.”

“நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்க டீச்சர். ஒங்களுக்கு மனத்தடை இன்னும் போகலை.”

மாலை ஏறியது. கண்ணாடியின்மேல் ஐந்து இடத்தில் சந்தனத்தைக் கட்டி கட்டியாக அப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பூவைச் செருகினார்கள். விருந்தினர் பொத்தானை அழுத்தினார். அவருடைய புகைப்படம் வணங்கிய கையோடு திரையில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பலகைக்கு மாலையும் சந்தனமும் சேர்ந்து ஒரு கூட்டமே விரலை வைத்து அழுத்துவதாகப் பட்டது. புகைப்படம் பெரிதானது. நெற்றி மேலே போனது, வாய் கீழே போனது. கடைசியில் விருந்தினரின் இடது மூக்குத்துவாரம் மட்டும் ஆறடிக்கு நாலடியில் நின்று மெல்ல ஆடியது. இது தொழில்நுட்பத்தின் சிறப்பம்சம் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. பிறகு பலகை தானாகவே ஒரு தாலாட்டுப் பாடியது, ஒரு கூட்டல் கணக்கைத் திறந்தது, மூடியது, கறுப்பாகி நின்றுவிட்டது.

விருந்தினரின் முகம் சுருங்கியது. நிலவழகன் வியர்த்துப் பலகையின் ஓரத்தில் எதையோ தட்டி, அங்கிருந்த சின்னத் திரையில் வந்த எண்ணைப் படித்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“ஐயா, காரணம் தெரிஞ்சிருச்சு. கருவி ஏற்கெனவே இருநூத்தி எட்டு மணி நேரம் ஓடிருக்கு.” டீச்சர் பக்கம் திரும்பினார். “என்ன டீச்சர் செஞ்சீங்க இதை?”

“பாடம் நடத்துனேங்க.”

“பாடமா?” அவர் குரல் உயர்ந்தது. “அரசாங்கத்தோட ஸ்மார்ட் போர்டுல, தொறப்பு விழாவுக்கு முன்னாடி, பாடம் நடத்திருக்கீங்க!”

கூட்டத்தில் சிலர் அய்யய்யோ என்றார்கள். திருப்பதி சார் ஐந்தாம் வகுப்பைத் தேடினார்.

“சரி, விடுங்க, போட்டோவாவது எடுப்போம்” என்றார் விருந்தினர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். கேமராக்காரர் தயாரானார். நிலவழகன் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்து இனியாவின் முன்னால் நின்றார்.

“இது என்ன கண்ணாடி? கழட்டு பாப்பா.”

இனியா கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கழட்டுனா தெரியாது சார்.”

“ஒனக்குத் தெரியணும்னு யாரு சொன்னா? படம் மேல போகும். நூறு சதவீதம் பார்வை நலம்னு கேடயம் வாங்கின வட்டாரத்துல கண்ணாடி போட்ட புள்ள நிக்கலாமா? டீச்சர், கழட்டச் சொல்லுங்க. தரவு ஒத்துவராது.”

அமுதவல்லி டீச்சர் முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு அதிகாரியைக்கூட எதிர்த்துப் பேசியதில்லை. மே மாதம் ஓய்வு. அதுவரை தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தார். இனியாவின் விரல்கள் கண்ணாடிச் சட்டத்தில் வெளுத்திருப்பதைப் பார்த்தார்.

“கழட்டாத இனியா” என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற குரலில், வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். “அந்தத் தரவை ஏத்துனது நான்தாங்க. ஒரு புள்ளையோட கண்ணையும் பாக்காம ஏத்துனேன். அது பொய். இந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியலை, இது நெசம். நெசத்தைக் கழட்டிப்புட்டுப் பொய்யைப் படம் எடுக்கணும்னா நீங்க போயி நின்னு எடுத்துக்குங்க. எம்புள்ளைக வரமாட்டாங்க.”

படம் எடுத்தார்கள். விருந்தினர், நிலவழகன், சந்தனம் அப்பிய பலகை, மூன்று பேரும் அதில் இருந்தார்கள். செயலி அதற்கு ‘மிகச் சிறப்பு’ கொடுத்தது.

மறுநாள் பலகைக்குச் சீல் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. கழற்றவும் கூடாது. கரும்பலகை அதற்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. மூன்றாம் நாள் மெமோ வந்தது. திருப்பதி சார் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு டீச்சரைத் தேடினார். வகுப்பறை காலியாக இருந்தது.

டீச்சர் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்தார். முப்பது வருஷம் விறகு எரிந்த புகையில் அந்தச் சுவர் அட்டக்கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. அதில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். பத்தொன்பது பேரும் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தச் சுவர் இதுவரை தனக்குத் தோன்றவில்லையே என்று டீச்சருக்குத் தன்மேலேயே கோபம்.

“டீச்சர், ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்க” என்றார் திருப்பதி சார். “ஏழு நாளைக்குள்ள விளக்கம் கேட்டிருக்காங்க. இது முடியாம ரிட்டயர் ஆக விடமாட்டாங்க. பென்ஷனைப் போட்டு வருஷக்கணக்கா இழுப்பாங்க. ஒங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். சாக்பீஸ் தூசி அதில் ஒட்டியது. முன்வரிசையில் இருந்து ஒரு கழுத்து நீண்டது. கண்ணாடி மூக்கில் சறுக்கி நின்றது. எழுத்தைப் பார்த்தால் அந்தக் கழுத்துக்கு நிற்கத் தெரியாது.

“இந்தா இனியா, எந்திரிச்சு வாசி. தள்ளி வச்சு.”

“டீச்சர், அது ஆபீஸ் கடிதாசி” என்றார் திருப்பதி சார் பதறி.

இனியா எழுந்து, தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். “பொ-ருள். ஒழுங்கு நட-வடிக்கை. குற்றச்சாட்டு ஒன்று. முன் அனு-மதி-யின்றிப் பாடம் நடத்தி-யமை. குற்றச்சாட்டு இரண்டு. உறைந்த தர-வினைப் பொய் எனப் பொது-மக்கள் முன்-னிலையில் கூறி-யமை. குற்றச்சாட்டு மூன்று. மாணவி இனியா…” நிறுத்தினாள். “டீச்சர், எம்பேரு போட்டிருக்கு!”

“போட்டிருந்தா வாசி.”

“மாணவி இனியா என்பவருக்குப் பார்வைக் குறை-பாட்டை ஏற்-படுத்தி, அதன்மூலம் துறையின் கண்ணி-யத்திற்குக் களங்கம் விளை-வித்தமை.”

கண்ணியத்தின் மூன்று சுழியிலும் அவள் தடுமாறவில்லை. கடைசியில் இரண்டு வரிக்கு ஓடிய நிலவழகனின் பதவியையும் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மற்ற பிள்ளைகள் தாங்களாகவே கைதட்டினார்கள்.

டீச்சர் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். மெமோவைத் தொடையில் வைத்து, ஓரத்தில் பெரிதாக ஒரு சரிக்குறி போட்டார். அடியில் எழுதினார்: ‘மூன்றாம் வகுப்பு மாணவி இனியா முழுவதும் வாசித்தாள். பிழை இல்லை.’ தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார், தலைமையாசிரியரிடம் நீட்டினார்.

“இந்தாங்க சார். என்னோட விளக்கம்.”